எல்லாவற்றுக்கும் ‘ரைட்’ சொன்ன மனுஷன்

குழு: பெரிய வீடு

வித்யா: நேற்று ராத்திரி ‘ஏலியன்’ பார்த்தவர்கள் எல்லாம் வாருங்கள். பூனையைத் தேடிப் போய்ச் சாகிறாரே, பூப்போட்ட சட்டை, தலையில் தொப்பி, அவர் யார்? படம் பிடித்துப் போட்டிருக்கிறேன், பாருங்கள். இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன், எங்கே என்றுதான் பிடிபடவில்லை. தூக்கமே போய்விட்டது.

சுமதி சித்தி: எனக்கும்தான் தூக்கம் போனது. காரணம் வேறு.

கண்ணன் அண்ணா: அபி பேசுகிறேன். அப்பா குளிக்கிறார். வித்யா அத்தை எனக்குத் தெரியும்!!! அவெஞ்சர்ஸ் முதல் படத்தில் ஹல்க் வானத்திலிருந்து விழுந்து ஒரு பழைய கட்டடத்துக்குள் துணி இல்லாமல் கிடப்பான், ஒரு வாட்ச்மேன் தாத்தா வந்து பேன்ட் தூக்கிப் போடுவார், அவர்தான் இவர்

வித்யா: அபி, நீ தெய்வம்!

கண்ணன் அண்ணா: போனைப் பிடுங்கிவிட்டேன். ஆனால் பையன் சொல்வது சரிதான், இப்போது போட்டுப் பார்த்தேன். முடி நரைத்து, கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது. கண் மட்டும் அப்படியே அதே கண்.

ரகு மாமா: சபாஷ் அபி. அவர் பெயர் ஹாரி டீன் ஸ்டான்டன். அந்த வாட்ச்மேன் என்ன கேட்பார் என்று கவனித்தாயா? ‘நீ ஏலியனா’ என்று கேட்பார். 1979இல் ஏலியன் கையில் செத்த மனுஷன், 2012இல் நிதானமாக வந்து ஹல்க்கிடம் இதைக் கேட்கிறார். வேண்டுமென்றே வைத்த குறும்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பெரியப்பா: [படம்] காலை வணக்கம்

சுமதி சித்தி: அத்தான், மணி பதினொன்று.

வித்யா: மாமா, அவர் பெரிய நடிகரா? நான் கேள்விப்பட்டதே இல்லையே.

ரகு மாமா: பெயர் தெரியாது, முகம் தெரியும். அமெரிக்காவில் பாதிப் பேருக்கு அவரை அப்படித்தான் தெரியும். 1926இல் கென்டக்கி மாநிலத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் சமையல்காரர், ஒகினாவா சண்டையின்போது அங்கே கப்பலில் இருந்திருக்கிறார். அப்புறம் கல்லூரி, நாடகப் பயிற்சி, அப்படியே டிவி. அந்தக் காலத்து அமெரிக்க டிவியில் எங்கு திரும்பினாலும் குதிரை, துப்பாக்கி, கௌபாய்தான். ‘கன்ஸ்மோக்’ என்று ஒரு தொடர், 1955இல் ஆரம்பித்து 20 வருஷம், 635 எபிசோட். யோசித்துப் பாருங்கள், ஹீரோ அதே மார்ஷல்தான், அதாவது காவல் அதிகாரி, ஆனால் வாரா வாரம் அவரிடம் மாட்டிக்கொள்ள ஒரு புது திருடன் வேண்டும், ஒரு குடிகாரன் வேண்டும், கொள்ளைக்காரனின் தம்பி ஒருவன் வேண்டும். இவர் மாதிரி ஆட்களுக்குச் சோறு போட்டது அதுதான். ‘கன்ஸ்மோக்’கிலேயே பல தடவை வேறு வேறு ஆளாக வந்து போயிருக்கிறார், ‘ராஹைட்’டிலும் உண்டு. ஹாரி ஸ்டான்டன் என்று இன்னொரு நடிகர் இருந்ததால் ரொம்ப வருஷம் டைட்டிலில் வெறும் டீன் ஸ்டான்டன்.

கண்ணன் அண்ணா: ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகத்தில்கூட இருக்கிறார் போலிருக்கிறதே மாமா! அதை எட்டுத் தடவை பார்த்திருப்பேன்.

ரகு மாமா: எஃப்பிஐ ஆள். சாட்சி சொல்ல வந்த கிழவருக்குக் காவல் இருப்பார். எட்டுத் தடவை பார்த்தும் கண்ணில் படவில்லை இல்லையா, அதுதான் அவருடைய வேலை.

சுமதி சித்தி: இதைத்தான் நான் கேட்க வந்தேன் அண்ணா. கண்ணில் படாமல் வந்து போவது எப்படி பெரிய நடிப்பாகும்? நேற்று முழுப் படத்திலும் அந்த ஆள் சோர்ந்து போய் நின்றுகொண்டு ‘ரைட்’ ‘ரைட்’ என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் கண்டக்டர் மாதிரி.

வித்யா: சித்தி 😂

ரகு மாமா: சுமதி, நீ அந்த இடத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. கூட வேலை செய்கிறவன் எது சொன்னாலும் இவர் ‘ரைட்’ என்பார். கதாநாயகி எரிச்சலாகி, இவன் என்ன கிளிப்பிள்ளையா என்கிற மாதிரி கேட்பாள். அதற்கும் ‘ரைட்’. அவ்வளவுதான் வசனம். ஆனால் அதிலேயே அந்த மனுஷன் எத்தனை வருஷமாக இன்னொருத்தனுக்குக் கீழே குறைந்த பங்குக்கு வேலை செய்கிறான் என்று தெரிந்துவிடுகிறது. அப்புறம் சாவதற்கு முன்னால், மேலே சங்கிலியெல்லாம் தொங்கும் ஓர் இடத்தில் தண்ணீர் சொட்டும், பூனையை மறந்துவிட்டு முகத்தை அண்ணாந்து அந்தத் தண்ணீரில் கொஞ்ச நேரம் நிற்பார். வேர்த்துப் போன ஆள் செய்கிற காரியம். பேய்ப் படத்தில் யாராவது அப்படி நிற்பார்களா? அதனால்தான் அடுத்து நடப்பது நமக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த மாதிரி விண்வெளிப் படம், பிசாசுப் படமெல்லாம் எனக்குப் பிடிக்காது என்று டைரக்டரிடமே நேரில் சொன்னவர் அவர்.

சுமதி சித்தி: அது மட்டும் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகிறது.

ரகு மாமா: நடிகர் ஜாக் நிக்கல்சன் அவருடைய நெருங்கிய சிநேகிதர், ஒரு காலத்தில் ஒரே வீட்டில் இருந்தவர்கள். நிக்கல்சன் எழுதிய ஒரு கௌபாய் படத்தில் இவருக்கு ஒற்றைக் கண்ணில் கட்டும் வட்டத் தொப்பியும் போட்ட கொள்ளைக்காரன் வேஷம். நீ ஒன்றும் செய்யாதே, உடுப்பே நடிக்கட்டும் என்றாராம். அதன் பிறகுதான் நடிப்பு பிடிபட்டது என்று ஸ்டான்டனே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஒன்றும் செய்யாமல் இருப்பது லேசு இல்லை சுமதி. கல்யாண வீடியோவில் கேமரா உன் பக்கம் திரும்பினால் நீ என்ன செய்கிறாய் என்று யோசித்துப் பார்.

சுமதி சித்தி: அது எதற்கு இப்போது?

வித்யா: தேட ஆரம்பித்தேன், ஒரு விஷயம் கிடைத்தது. ரோஜர் ஈபர்ட் என்ற விமர்சகர் ஒரு விதியே வைத்திருக்கிறார். ஹாரி டீன் ஸ்டான்டனோ எம். எம்மெட் வால்ஷோ துணை வேஷத்தில் இருந்தால் அந்தப் படம் முழு மோசமாக இருக்க முடியாதாம். பிறகு விதிவிலக்கு உண்டு என்று அவரே ஒப்புக்கொண்டார் என்பது வேறு கதை.

பெரியப்பா: பாரிஸ் டெக்சாஸ்.

வித்யா: பெரியப்பா??

பெரியப்பா: இந்த ஆள்தானே. எண்பதுகளில் ஃபிலிம் சொசைட்டியில் பார்த்தேன். பாரிஸ் என்றதும் ஈபிள் கோபுரம் வரும் என்று உட்கார்ந்தால் வெறும் பாலைவனம். சிவப்புத் தொப்பி, புழுதி படிந்த கோட்டு, ஒருத்தன் நடக்கிறான் நடக்கிறான் நடந்துகொண்டே இருக்கிறான், அரை மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஹீரோ ஊமையா சார் என்று கேட்டார்.

ரகு மாமா: அத்தான், இத்தனை நாள் சொல்லவே இல்லையே!

பெரியப்பா: நீ கேட்டாயா? கடைசியில் ஓடிப்போன பெண்டாட்டியைக் கண்டுபிடிப்பான். நடுவில் கண்ணாடி, அவன் அவளைப் பார்க்கலாம், அவளால் அவனைப் பார்க்க முடியாது, போனில்தான் பேச்சு. அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, யாரோ இரண்டு பேர் கதை மாதிரி தங்கள் கதையைச் சொல்வான். முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனேன், பஸ் இருந்தும்.

கண்ணன் அண்ணா: அப்பா இவ்வளவு நீளமாக டைப் செய்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

ரகு மாமா: அந்தப் படத்துக்கு 1984இல் கான் திரைப்பட விழாவின் முதல் பரிசு, பாம் தோர் கிடைத்தது. அப்போது ஸ்டான்டனுக்கு 57 வயது. அதுதான் அவருக்கு முதல் பெரிய கதாநாயக வேஷம்! எழுதியவர் சாம் ஷெப்பர்ட். சான்டா ஃபேயில் ஒரு பாரில் இரண்டு பேரும் டெக்கீலா குடித்துக்கொண்டிருந்தபோது, இந்த மாதிரி வேஷங்கள் எனக்கு அலுத்துவிட்டன, கொஞ்சம் மென்மையாக, அழகாக ஏதாவது செய்ய வேண்டும் என்று ஸ்டான்டன் புலம்பியிருக்கிறார். வேஷம் கேட்கவில்லை, சும்மா புலம்பினார். அப்புறம் தேடி வந்தது.

சுமதி சித்தி: சரி, அதற்குப் பிறகாவது ஹீரோவாக நடித்தாரா?

ரகு மாமா: ரொம்ப காலத்துக்கு இல்லை. இரண்டு வருஷத்தில் ‘பிரெட்டி இன் பிங்க்’கில் ஹீரோயினுக்கு அப்பா. ஆஸ்கருக்கு ஒரு தடவைகூடப் பரிந்துரை கிடையாது. எச்பிஓ சேனலில் ‘பிக் லவ்’ தொடர் 2006இல் வந்தபோது 80ஐ நெருங்கிவிட்டார், அதில் பல பெண்டாட்டிகள் கட்டிய மதத் தலைவர், பார்த்தாலே பயமாக இருக்கும். ‘தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி’யில் கடைசி இரண்டு நிமிஷம்தான் வருகிறார். பேசாமல் பிரிந்த சகோதரர்களில் ஒருவன், புல்வெட்டும் வண்டியை ஓட்டிக்கொண்டே அயோவாவிலிருந்து விஸ்கான்சினுக்கு வந்து இன்னொருவன், அதாவது ஸ்டான்டன், வீட்டு வாசலில் நிற்கிறான். இதிலேயா என்னைப் பார்க்க அவ்வளவு தூரம் வந்தாய் என்று வீட்டிலிருப்பவன் கேட்கிறான். ஆமாம் என்கிறான் வந்தவன். ஸ்டான்டன் கண் கலங்குகிறது, அவ்வளவுதான் படம்.

சுமதி சித்தி: அதைப் போட்டிருக்கலாம் நேற்று. யாரய்யா ஏலியனைத் தேர்ந்தெடுத்தது?

வித்யா: 🙋‍♀️

ரகு மாமா: வருகிற சனிக்கிழமை ‘லக்கி’ பார்க்கலாமா? 90 வயதில் மறுபடியும் அவர்தான் கதாநாயகன். படத்தில் அந்தக் கிழவருக்கும் கடற்படைச் சமையல்காரர் என்றுதான் கதை. ஏலியனில் கப்பல் கேப்டனாக வந்தாரே டாம் ஸ்கெரிட், அவரும் ஒரு காட்சியில் எதிரே உட்கார்ந்து போர்க்காலத்தைப் பற்றிப் பேசுவார், 38 வருஷம் கழித்து இரண்டு பேரும் ஒரே மேசையில். 2017 செப்டம்பர் 15இல் ஸ்டான்டன் போய்விட்டார், படம் அமெரிக்கத் தியேட்டருக்கு வந்தது 29இல். டைரக்டர் டேவிட் லிஞ்ச்கூட நடித்திருக்கிறார், ஓடிப்போன ஆமையை நினைத்து அழுகிற மனுஷனாக.

கண்ணன் அண்ணா: அபி மறுபடியும். ஆமை கிடைத்ததா

ரகு மாமா: சனிக்கிழமை வா, சொல்கிறேன்.

சுமதி சித்தி: பிசாசு கிடையாதே? யார் வயிற்றிலிருந்தும் எதுவும் வெளியே வராதே?

ரகு மாமா: வராது. கிழவர் யோகா செய்வார், சிகரெட் பிடிப்பார், குறுக்கெழுத்துப் போடுவார்.

சுமதி சித்தி: அப்படியென்றால் ஏழு மணிக்கு வருகிறேன். சுண்டல் என் பொறுப்பு. அத்தானையும் கூப்பிட்டு வாருங்கள்.

பெரியப்பா: ரைட்.