மிஸ்டேக், எரர், ஃபோல்ட்: எல்லாமே பிழைதானே?

கொட்டாஞ்சேனைப் பிள்ளை:
கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் சரக்குக் கந்தோரில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. போன கிழமை ஒரு பில் ஒஃப் லேடிங்கில், அதாவது கப்பலில் ஏற்றிய சரக்குக்கான பத்திரத்தில், நிறை 18,250 கிலோ என்று வரவேண்டிய இடத்தில் 12,850 என்று போய்விட்டது, இலக்கத்தை மாறி அடித்தது நான்தான். உடனே வாடிக்கையாளருக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் போட்டேன். அதில் 'இட் இஸ் அவர் ஃபோல்ட்' என்று எழுதியதைப் பார்த்த மேலாளர், "ஏன் ஃபோல்ட் என்று போட்டீர், எரர் என்று எழுதியிருக்கலாமே" என்றார். எனக்கு இன்னும் விளங்கவில்லை. வீட்டில் எல்லாவற்றுக்கும் பிழை என்றுதானே சொல்கிறோம்?

வெள்ளவத்தை ரீச்சர்:
பிள்ளை, அந்தப் 'பிழை'யிலேயே விடை இருக்கிறது. 'பிழை விட்டுட்டன்' என்கிறோம், 'என்னில பிழை இல்லை' என்றும் சொல்கிறோம். முதலாவது நடந்த காரியம், அது மிஸ்டேக். மற்றது பொறுப்பு யாருடையது என்ற பேச்சு, அதுதான் ஃபோல்ட். நாளைக்குத் துறைமுகத்தில் தாமதக் கட்டணம் கட்ட வேண்டி வந்தால் வாடிக்கையாளர் உங்கள் மெயிலைத்தான் எடுத்துக் காட்டுவார்.

எரர் என்பது லத்தீனில் அலைவது, வழி விலகுவது என்ற பொருளுள்ள 'எர்ராரே'யிலிருந்து வந்தது. சரியான பெறுமானம் ஒன்று இருக்கிறது, எழுதியது அதை விட்டு விலகிவிட்டது, அவ்வளவுதான். மிஸ்டேக் பழைய நோர்ஸ் மொழிச் சொல், மூலப்பொருள் பிழையாக எடுப்பது. பஸ்ஸில் வேறு யாருடைய குடையையோ நம்முடையது என்று தூக்கி வந்தால் அது மிஸ்டேக்.

மொழி கற்பிக்கிற எங்களுக்கு இன்னொரு பிரிப்பும் உண்டு. மொழியியலாளர் எஸ். பி. கோர்டர் 1967இல் எழுதிய கட்டுரையில், தெரிந்த விஷயத்தை அவசரத்தில் தவறவிடுவதை மிஸ்டேக் என்றும், விதியே பிடிபடாமல் திரும்பத் திரும்ப விடுவதை எரர் என்றும் பிரித்தார். என் வகுப்பில் 'ஐ டிட் எ மிஸ்டேக்' என்று எழுதாத பிள்ளை குறைவு, 'தவறு செய்தேன்' என்பது அப்படியே ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறது, 'மேட்' என்று வரவேண்டும். அது கோர்டர் சொன்ன எரர், சிவப்புப் பேனாவால் கோடு போட்டால் போகாது, உட்கார்த்திச் சொல்லிக்கொடுக்க வேண்டும். உங்கள் இலக்கம் மாறியது அப்படி இல்லை, காட்டியவுடன் உங்களுக்கே தெரிந்திருக்கும். கோர்டர் கணக்கில் அது மிஸ்டேக், கடிதத்தில் எரர்.

கணக்குப் பிரிவு அண்ணா:
ரீச்சர் சொன்னது சரி. தங்கச்சி, நாங்கள் பின்பற்றுகிற எல்கேஏஎஸ் 8 என்ற இலங்கைக் கணக்கீட்டு நியமத்தில் முந்திய ஆண்டுகளின் எரர் என்றால் என்ன என்று விளக்கும்போது, கூட்டல் கழித்தலில் விட்ட மிஸ்டேக், கவனிக்காமல் விட்டது, தரவைப் பிழையாக விளங்கிக்கொண்டது, மோசடிகூட, எல்லாவற்றின் விளைவையும் அதற்குள் சேர்க்கிறார்கள். மிஸ்டேக் காரணம், எரர் ஏட்டில் கிடக்கிற விளைவு. மோசடியால் வந்த தொகைக்கும் அதே பெயர்தான் என்றால் அந்தச் சொல் யாரையும் குற்றம் சொல்லவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. அதனால்தான் மேலாளர் அதைக் கேட்டிருப்பார்.

கொட்டாஞ்சேனைப் பிள்ளை:
நன்றி ரீச்சர், நன்றி அண்ணா. ஆனால் எரர் என்று எழுதினால் நான் ஒளிக்கிற மாதிரி இருக்காதா?

வெள்ளவத்தை ரீச்சர்:
பிழையான நிறையையும் சரியான நிறையையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், 'வீ மேட் அன் எரர் இன் த வெயிட்' என்று எழுதுங்கள். 'வீ' என்று தொடங்கினாலே நாங்கள்தான் விட்டோம் என்று ஆகிவிடும். திருத்திய பிரதி எப்போது வரும் என்பதையும் அடுத்த வரியிலேயே சொல்லிவிடுங்கள், அவர் காத்திருப்பது அதற்குத்தான்.

கொட்டாஞ்சேனைப் பிள்ளை:
சரி ரீச்சர், இப்போதே எழுதுகிறேன். திருத்திய பிரதி நாளைக்குக் காலை பத்து மணிக்குள் கிடைக்கும் என்று கப்பல் முகவர் சொன்னார், அதையும் போடுகிறேன்.