12 முட்டை வைத்து ஒரு குஞ்சும் மிஞ்சவில்லை. என்ன தப்பு செய்கிறோம்?

வேலந்தாவளம் தோப்பு:
எல்லாருக்கும் வணக்கம். கேரளா எல்லைக்குள், வேலந்தாவளம் பக்கம் தென்னந்தோப்பில் எங்கள் வீடு. நாலு வருடமாக நாட்டுக்கோழி வளர்க்கிறோம், இப்போது பெட்டை 9, சேவல் 1. வீட்டு முட்டைக்கும், நோம்பிக்கு உறவுக்காரர் வந்தால் அடித்துக் குழம்பு வைக்கவும்தான். ஆனி மாதம் அடை வைத்ததில் 12 முட்டைக்கு 7 பொரித்தது, மீதி கூமுட்டை. முதல் இரண்டு வருடம் பத்துக்குக் குறைந்ததே இல்லை. ஏழில் இரண்டைப் பருந்து தூக்கிவிட்டது. மற்றது எல்லாம் மூணு வாரத்துக்குள் இறக்கையைத் தொங்கப் போட்டு, வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து ஒவ்வொன்றாகப் போய்விட்டது. நேற்று காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் கடைசிக் குஞ்சு கழுத்து திருகிக் கிடக்கிறது, தாய்க்கோழி அதன்மேல் இறகை விரித்து உட்கார்ந்திருக்கிறது, தின்னக் கம்பு தானியம் போட்டும் எழவில்லை. மனசே சரியில்லை. பேசாமல் நாட்டுக்கோழியை விட்டுவிட்டு கிராமலட்சுமி என்கிற கலப்பினக் கோழியை வாங்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

ஆனைமலை அம்மிணி:
தம்பி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து கழுத்தும் திருகினால் அது பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல்தான், ராணிக்கெட் என்பார்கள். வந்தபிறகு மருந்து கிடையாது. சீரகம், மிளகு, கீழாநெல்லி, மஞ்சள் அரைத்து உருட்டிக் கொடுப்பதை நானும் செய்கிறேன், ஆனால் அதை நம்பித் தடுப்பு மருந்தை விட்டுவிடாதீர்கள். இந்த நோய்க்கான தடுப்பு மருந்து இரண்டு, லசோட்டாவும் ஆர்2பியும்: பொரித்த 7ஆம் நாள் லசோட்டா கண்ணில் ஒரு சொட்டு, நாலாவது வாரம் அதையே குடிதண்ணீரில், எட்டாவது வாரம் ஆர்2பி ஊசி இறக்கைத் தோலுக்கு அடியில் அரை மில்லி. ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடல்புழு மருந்து கொடுத்துவிட வேண்டும். குப்பி பெரும்பாலும் 100 கோழிக்கு உள்ளதாகத்தான் வரும், கலக்கினால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், ஏழு குஞ்சுக்கு ஒரு குப்பியா என்று நினைத்துத்தான் முக்கால்வாசிப் பேர் போடுவதில்லை. நாங்கள் எங்கள் வீதியில் ஆறு வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுகிறோம். பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போடாவிட்டால் உங்கள் குப்பையில்தானே அதுவும் வந்து கிளறும்! உங்கள் பஞ்சாயத்து மாட்டாஸ்பத்திரியில் என்றைக்கு மருந்து கிடைக்கும் என்று கேளுங்கள், ஐஸ் போட்ட பிளாஸ்க்கோடு போங்கள்.

செத்ததைத் தோப்பில் வீசாதீர்கள், ஆழமாகக் குழி எடுத்து சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். கூண்டுக்கும் சுண்ணாம்பு அடித்து, கொஞ்ச நாள் வெயில் பட விட்டுவிட்டு அப்புறம் அடுத்த அடை வையுங்கள். சந்தையில் வாங்கி வந்த கோழியை நேராக மந்தையில் விடுவதுதான் நோய் வருகிற பெரிய வழி, மூணு வாரமாவது தனியாகக் கட்டி வையுங்கள்.

மீனாட்சிபுரம் பண்ணை:
அம்மிணி அக்கா சொன்னது நோய்க்கு. நான் கூமுட்டையைப் பற்றிச் சொல்கிறேன். நாலு வருடமாக அதே சேவலா? அப்படியென்றால் இப்போது இருக்கிற பெட்டையில் பாதி அதன் மகள்களாகவே இருக்கும். நெருங்கின ரத்தத்திலேயே சேர்ந்துகொண்டு போனால் பொரிப்பும் குறையும், பொரித்தது வலுவில்லாமலும் இருக்கும். சேவலுக்கும் வயசாகிவிட்டது. ஆனால் உடனே சேவலை அடித்துவிடாதீர்கள், முதலில் பாருங்கள்: அடை வைத்த 7ஆம் நாள் ராத்திரி முட்டையை டார்ச் மேல் வைத்தால், கரு கூடினதில் சிலந்தி கால் விரித்த மாதிரி சிவப்பு நரம்பு தெரியும். ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் சேவல் கோளாறு. நரம்பு ஓடி நடுவில் நின்றிருந்தால் முட்டை பழசு, இல்லையென்றால் சூடு பட்டது. பெட்டை 12 முட்டை வைக்கவே இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது, முதலில் வைத்தது அதற்குள் கெட்டுப்போகும். முதல் முட்டைகளைச் சாப்பிட்டுவிட்டு, கடைசி ஒரு வாரத்தில் கிடைத்ததை ஈர மணல் பானையில் வைத்து எடுங்கள், வேறு பெட்டையின் முட்டையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சேவல் மாற்றினால், பழைய சேவலின் விந்து பெட்டைக்குள் இரண்டு மூணு வாரம் உயிரோடு இருக்கும், அதனால் மூணு வாரம் கழித்து வருகிற முட்டையைத்தான் புதுச் சேவலின் கணக்கில் எடுக்க வேண்டும். எல்லை தாண்டி வாங்குவதென்றால் சோதனைச் சாவடி நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள், 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயத்தில் பறவைக்காய்ச்சல் வந்தபோது கேரளாவிலிருந்து கோழி, முட்டை எதையும் தமிழ்நாட்டுக்குள் விடவில்லை.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:
கிராமலட்சுமி பற்றி: திருச்சூர் பக்கம் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரியில் உருவாக்கினது, ஆஸ்ட்ரலார்ப், வெள்ளை லெகார்ன் என்கிற இரண்டு சீமைக்கோழி இனம் கலந்தது, வருடத்துக்கு 180 முட்டை வரை வைக்கும், நம்ம நாட்டுப் பெட்டை 60, 80க்கு மேல் போகாது. ஆனால் அது அடைக்கு உட்காருவதை நம்ப முடியாது. நான் இரண்டையும் வைத்திருக்கிறேன், முட்டைக்கு அது, அடைக்கும் குழம்புக்கும் நாட்டுக்கோழி. எதை வாங்கினாலும் கழிச்சல் வரத்தான் செய்யும், அதனால் கோழியை மாற்றுவதற்கு முன்னால் மருந்து. இன்னொன்று, ஆனியில் அடை வைத்தால் குஞ்சு ஆடிக்காற்றிலும் சாரலிலும் மாட்டுகிறது. தை, மாசியில் வையுங்கள்.

வேலந்தாவளம் தோப்பு:
ரொம்ப நன்றி. நாலு வருடமாக அதே சேவல்தான், மீனாட்சிபுரத்தண்ணா சரியாகப் பிடித்துவிட்டார். பக்கத்து நாலு வீட்டில் பேசினேன், மூணு வீடு சேர்ந்து மருந்து போட ஒத்துக்கொண்டார்கள். கண்ணில் சொட்டு விடுவதை எப்படி என்று சொல்லுங்கள் அக்கா, என் மகள்தான் பிடிப்பேன் என்கிறாள்.

ஆனைமலை அம்மிணி:
சாயங்காலம் போடுங்கள். குஞ்சை உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகத் தலையைச் சாய்த்து, கண் மேலே பார்த்த மாதிரி பிடிக்கச் சொல்லுங்கள். ஒரே சொட்டு. உடனே கீழே விடக்கூடாது, கண்ணை மூடித் திறந்து சொட்டு உள்ளே இறங்கினதைப் பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும், தலையை உதறினால் மருந்து தெறித்துவிடும், அப்படியானால் இன்னொரு சொட்டு. சோர்ந்து நிற்கிற குஞ்சுக்கு அன்றைக்குப் போட வேண்டாம்.