மதுரையில் ஆண்டு முழுதும் நேரம் காட்டும் சூரியக் கடிகாரம்: உதவி தேவை

வீட்டிலேயே கல்வி பயிலும் என் பத்து வயது மகளின் சூரியக் கடிகாரச் செயல்திட்டம் பாதியில் நிற்கிறது. மதுரையில் எங்கள் மொட்டை மாடியில் கிடைமட்டமாக வைத்த ஒட்டுப்பலகையில், ஊரின் அட்சரேகைக்கேற்ப நிழல் விழுத்தும் முள்ளை 10 பாகை சாய்வில் நிறுத்தி மணிக்கோடுகள் வரைந்தோம். ஆனால் நண்பகலை ஒட்டிய கோடுகள் நெருங்கிவிடுவதால், 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையே 3 பாகைகூடக் கிடைக்கவில்லை.

வடதிசையைத் திசைகாட்டியை நம்பாமல் மிகக் குறுகிய நிழலைக் கொண்டு குறித்தோம், இந்திய நேரத்துக்கும் உள்ளூர் நேரத்துக்கும் இடையிலான ஏறத்தாழ 17 நிமிட வேறுபாட்டைச் சரிசெய்தோம், பலகையைப் பெரிதாக்கினோம், அட்டை முள்ளுக்குப் பதிலாக நூலைக் கட்டினோம். கணக்கு சரியாக வந்தாலும் குழந்தையால் நேரத்தைப் படிக்க முடியவில்லை.

கும்பகோணம் அருகே திருவிசநல்லூர்க் கோயில் மதிலில் உள்ள அரைவட்டக் கடிகாரத்தைப் பார்த்து வந்தபின், எங்கள் தெற்குச் சுவரிலும் ஒன்று வரைந்தோம். அதில் கோடுகள் ஏறத்தாழச் சம இடைவெளியில் அமைந்தன (கோணமானியால் அளந்து அதைக் கண்டறிந்தவள் அவளே). ஆயினும் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை சூரியன் வடக்கே நகர்ந்துவிடுவதால் அச்சுவரில் வெயிலே விழுவதில்லை.

இனி எஞ்சியிருப்பது, நிலநடுக்கோட்டுத் தளத்துக்கு (பூமியை வட, தென் பாதிகளாகப் பிரிக்கும் தளம்) இணையாக, ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும், இருபுறமும் மணிக்கோடுகள் கொண்ட இருமுகத் தட்டு மட்டுமே. தென்மாவட்டங்களில் அதைச் செய்து பார்த்தவர்கள், ஒரு குழந்தை தானே வெட்டக்கூடிய எந்தப் பொருளில் செய்து, காற்றில் அசையாதபடி எவ்வாறு நிறுத்தினீர்கள்?