புரோவினன்ஸ்: ஒரு சொல்லா, மூன்று சொற்களா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். தொல்லியல் ஆய்வுக் கட்டுரைகளில் வரும் 'புரோவினன்ஸ்' (provenance, ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பது) என்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் 'மூலம்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று சென்ற வாரம் ஏறத்தாழ முடிவாகியிருந்தது. அந்த முடிவை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். மூலம் என்ற சொல்லுக்குச் சோதிடத்திலும் மருத்துவமனையிலும் ஏற்கெனவே போதிய வேலை இருக்கிறது என்பது சிறிய காரணம். ஆய்வாளர்கள் அந்த ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு செய்திகளைச் சுட்டுகிறார்கள், மூன்றையும் 'மூலம்' என்று எழுதினால் நம் வாக்கியம் சில இடங்களில் பொய்யாகிவிடும் என்பதே பெரிய காரணம்.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டை எடுத்துக்கொள்வோம். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, காலத்தைக் கணிக்க அவருக்குப் பிடி கொடுத்தவை, இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்தின் பெயரால் வழங்கும் அரெட்டைன் வகைக் கலங்களின் ஓடுகள். அத்தகைய ஓடொன்றின் மூலம் எது என்று கேட்டால் இத்தாலி என்றும் சொல்லலாம், அரிக்கமேடு என்றும் சொல்லலாம். எகிப்தில் செங்கடல் கரையிலுள்ள குசைர் அல் காதிமில், 'பானை ஒறி' என்று தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் பொறித்த ஓடு கிடைத்ததே, அதற்கும் இதே சிக்கல்தான். ஓடு இருந்தது எகிப்தில், எழுத்து நம்முடையது. மண் எந்த ஊர் மண் என்பதை எழுத்தைப் படித்துச் சொல்ல முடியாது. ஓட்டை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் கனிமங்களைப் பார்த்தோ, தனிமங்களின் விகிதத்தை அளந்தோதான் சொல்ல வேண்டும். இந்த ஆய்வு தேடுவதை 'மண்மூலம்' என்றும், கல்லுக்கும் உலோகத்துக்கும் 'கல்மூலம்', 'உலோகமூலம்' என்றும் எழுதலாம். 'மூலம்' இந்த எல்லைக்குள் நின்றால் எனக்கு அதனோடு சண்டை இல்லை.

இரண்டாவது செய்தி, பொருள் எந்தக் குழியில், எந்த அடுக்கில் இருந்தது என்பது. அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் 'புரோவீனியன்ஸ்' என்று எழுத்தை மாற்றியே பிரித்துவிடுகிறார்கள். பிரித்தானியர் பெரும்பாலும் அந்தச் சிரமத்தை மேற்கொள்வதில்லை. 'கிடைப்பிடம்' என்ற முன்மொழிவைப் படித்தபோது, எங்கள் தெருமுனையில் தொங்கும் 'இங்கு தோசை மாவு கிடைக்கும்' என்ற பலகைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. 'கிடப்பிடம்' என்றாலோ, கோப்பைக் கிடப்பில் போட்ட இடமாகிவிடும். வேடிக்கையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், கிடைத்தல் பெற்றவரைச் சார்ந்தது. கிடத்தல் பொருளைச் சார்ந்தது. கரூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்து வெளிவந்த சங்ககால நாணயங்களுள் பல, மணலைச் சலித்தவர்களிடமிருந்து வணிகர் வழியாகச் சேகரிப்பாளர்களை அடைந்தவை. சேர அரசன் மாக்கோதையின் நாணயம் ஒருவருக்கு ஒரு கடையில் கிடைத்தால், கிடைத்த இடம் கடை, கிடந்த இடம் ஆறு. அதுவும் வெள்ளம் உருட்டிக் கொண்டுவந்து போட்ட இடமாக இருக்கலாம். முதலில் கைநழுவிய இடம் ஆற்றுக்குத்தான் தெரியும். ஆகவே 'கிடந்த இடம்' என்று இரு சொல்லாகவே எழுதலாம் என்பது என் கருத்து. கலைச்சொல் என்றாலே ஒட்டி எழுதி ஒரு மெய்யெழுத்தை இரட்டிக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை.

இந்தச் செய்தியின் எடை என்ன என்பதைக் கீழடி காட்டும். முதலிரு பருவங்களில் அங்கே அகழ்ந்தது, இங்கே பெங்களூருவிலிருந்து இயங்கிய மத்தியத் தொல்லியல் துறையின் ஆறாவது அகழாய்வுக் கிளை. பின்னர் மாநிலத் துறை நடத்திய நான்காம் பருவத்தில், 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்குப் பொ.ஆ.மு. 580 என்று காலக்கணிப்பு வந்தது. ஆய்வுக்கூடம் காலத்தைக் கணித்தது அந்த மாதிரிக்குத்தான். அந்தக் காலத்தை அதே அடுக்கிலிருந்த ஓட்டுக்கும் எழுத்துக்கும் நாம் கொடுக்க முடிவது, அவை ஒன்றாகக் கிடந்தன என்ற பதிவு இருப்பதால் மட்டுமே.

மூன்றாவது, மண்ணை விட்டோ கோயிலை விட்டோ வெளியே வந்தபின் பொருள் யார் யார் கையில் இருந்தது என்பது. பெங்களூருவில் மனை வாங்கிய எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. தாய்ப்பத்திரத்தில் தொடங்கி ஒவ்வொரு கிரயமும் பாகப்பிரிவினையும் வில்லங்கச் சான்றும் சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும் என்று வங்கியின் வழக்கறிஞர் நம்மை அலையவிடுவாரே, அதேதான். இதற்கு முன்மொழியப்பட்ட 'உடைமை வரலாறு' அழகான தொடர், ஆனால் ஒருபக்கம் சாய்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. விற்றவர்கள் காட்டிய தாள்கள், அது இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே கைமாறியதாகச் சொல்லும் போலிகள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் காப்பகத்திலோ, கோயிலில் இருந்தபோது எடுத்த படங்கள் இருந்தன. இந்தச் சிலை சோழர் கலை என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை, 'மூலம்' சரியாகவே இருந்தது. பொய்யானது வந்த வழி. கள்வரிடமும் தரகரிடமும் அது இருந்த ஆண்டுகளை 'உடைமை' என்று எழுத என் கை வரவில்லை. 'வந்தவழி' என்றால் நல்ல வழியும் அடங்கும், கெட்ட வழியும் அடங்கும். 'இவ்வளவு பணம் வந்த வழி என்ன?' என்று கேட்பதும் அந்தப் பொருளில்தானே. 'வந்தவழி ஆவணம்', 'வந்தவழி தெரியாத சிலை' என்று தொடர்களிலும் இடறாமல் அமைகிறது.

அன்புடன்,
இந்திரா நகரிலிருந்து

*

அன்புள்ள அம்மா,

'வந்தவழி' எனக்கு முழு உடன்பாடு. 'கிடந்த இடம்' ஓட்டுக்கும் காசுக்கும் சரி, கல்லுக்கு? தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயில் தமிழ்க் கல்வெட்டுகளையோ, பெங்களூரு என்ற பெயரை முதன்முதலில் சொல்லும் பேகூர் நடுகல்லையோ கிடந்தவை என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. பெருமாளுக்கே நின்றான், இருந்தான், கிடந்தான் என்று மூன்று நிலை பிரித்த மொழி நம்முடையது. 1905இல் வெளிவந்த, கல்வெட்டறிஞர் பி.எல். ரைஸின் கல்வெட்டுத் தொகுதி, பெங்களூரு மாவட்டக் கற்கள் ஒவ்வொன்றும் எந்த ஊரில் நின்றன என்று குறித்தது. அந்த ஊர்கள் இன்று பேருந்து நிறுத்தங்கள். பெங்களூருவின் மிதிக் சொசைட்டி என்ற ஆய்வு அமைப்பின் குழுவினர் இப்போது முப்பரிமாணத்தில் வருடிப் பதிவுசெய்யும் கற்களுள், நின்ற இடத்தை விட்டு நகர்ந்தவையும் உண்டு. கிடந்தவற்றுக்கும் நின்றவற்றுக்கும் பொதுவாக 'இருந்த இடம்' என்று வைத்தால் என்ன? இடப்பதிவு இழந்த பொருளை 'இருந்த இடம் தெரியாதது' என்று சொல்லிவிடலாம், அந்த வழக்கு ஏற்கெனவே கைவசம் இருக்கிறது.

*

ஐயா,

கல்லைப் பற்றி நீங்கள் சொன்னது சரி; நான் பானை ஓட்டை மட்டுமே மனத்தில் வைத்து எழுதிவிட்டேன். ஆனால் 'இருந்த இடம்' என்றால், அந்த நடராசர் ஆறு ஆண்டு இருந்த கலைக்கூடமும் அதற்குள் வந்துவிடும். கிடந்த இடத்தையும் வந்தவழியையும் பிரிப்பதற்காக எடுத்த பாடு வீணாகும். அதனால் அகழ்பொருளுக்குக் 'கிடந்த இடம்', நடுகல்லுக்கும் கல்வெட்டுக்கும் 'நின்ற இடம்' என்று இரண்டையும் ஒரே பதிவில் சேர்த்து நம் பட்டியலின் வரைவை மாற்றியிருக்கிறேன். கோயிலில் எழுந்தருளியிருந்த செப்புத் திருமேனிக்கு இவ்விரண்டும் பொருந்தவில்லை என்பதை எழுதி முடித்தபின்தான் கவனித்தேன். அதற்கு மட்டும் 'இருந்த கோயில்' என்று தற்காலிகமாகப் போட்டுள்ளேன். இதைவிட நல்ல சொல் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்.