சின்ன ஸ்டேஷனில் இறங்கி நடந்தவர்களே, இன்னும் மனதை விட்டுப் போகாத சந்திப்பு எது?

சாமல்பட்டி வண்டி

நாலு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதிவிடுகிறேன். ஒரு ஞாயிறு, பாசஞ்சரில் சாமல்பட்டி வந்து இறங்கி, ஊத்தங்கரை ரோட்டை விட்டுவிட்டுக் கொல்லைகளுக்கு ஊடே நடந்தேன். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நடப்பவர்களுக்குத் தெரியும்: மாந்தோப்பு, பாறை, புளியமரம், மறுபடி மாந்தோப்பு. வேப்பமரத்தடியில் ஒரு பலகைக்கல் மண்ணில் பாதி புதைந்து சாய்ந்திருந்தது. அதன் மேல் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, காலில் தைத்த முள்ளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா பக்கத்தில் வந்து நின்றார். கோபமே இல்லை. "எந்திரி கண்ணு, வேடியப்பன் மேல உக்காந்திருக்கிற" என்றார்.

எழுந்து மறுபக்கம் போய்ப் பார்த்தால் வில்லைப் பிடித்த கை. முகம் தேய்ந்துவிட்டது. எப்போதோ பூசிய மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களை இரண்டு தடவை நின்று பார்த்தவன் நான். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல்லைத்தான் நம் ஜனங்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள் என்றும் தெரியும். தெரிந்து என்ன பயன்?

அந்த அம்மா தன் பாட்டிலைத் திறந்து நான் உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கையால் தேய்த்துக் கழுவினார். முந்தானையால் துடைத்தார். அப்புறம் பாட்டிலில் மிச்சம் இருந்த தண்ணீரை என்னிடம் நீட்டி, "குடி, வெயிலு" என்றார். வாங்கிக் குடித்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயே வரவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

தகடூர் மண்

எனக்குத் தக்காளி. மாரண்டஹள்ளியில் இறங்கி இராயக்கோட்டை வரை வயல் வழியாகவே நடந்த நாள். விலை விழுந்திருந்த நேரம். ஒருவர் பெட்டி பெட்டியாகத் தக்காளியை வரப்போரம் கொட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் நல்ல பழம், ஒன்றுகூட அழுகல் இல்லை. என்னைப் பார்த்ததும், "பை இருக்கா தம்பி? எவ்வளவு வேணுமோ எடுத்துக்க" என்றார்.

இரண்டு கிலோ இருக்கும், எடுத்துக்கொண்டேன். சும்மா வாங்கக் கூடாதே என்று இருபது ரூபாயை நீட்டினேன். அவர் முகம் மாறியதை இன்னும் மறக்க முடியவில்லை. "காசு வாங்கறதுக்கா இங்க கொட்டறேன்? பறிக்கிற கூலிகூட மார்க்கெட்ல நிக்கலப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்கினார். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

அம்மா அதில் தொக்கு போட்டார்கள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நீட்டியது தப்பா, எடுத்ததே தப்பா என்று இன்றைக்கும் புரியவில்லை.

சனிக்கிழமைப் பயணி

முத்தம்பட்டி. ஆஞ்சநேயர் கோயிலுக்கு இறங்குகிற கூட்டத்தோடு நானும் இறங்கினேன். கோயில் முடிந்ததும் காட்டைப் பார்க்கும் ஆசையில் தண்டவாளத்தை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடந்தேன். முதல் நாள் ராத்திரி நல்ல மழை. எதிரே ஒரு டிராக்மேன், தோளில் பை, கையில் சுருட்டிய சிவப்புக் கொடி. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மேலே இருக்கிற பாறைகளை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் நடக்கிறார்.

2021 நவம்பரில் தோப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவில் மழையில் பாறை உருண்டு, கண்ணூர்-யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டதே, அந்தப் பாதைதான் இது. நல்லவேளை, யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

திட்டுவார் என்று நினைத்தேன். நின்றார். காலடியில் கிடந்த ஒரு தயிர்சாதப் பொட்டலத்தைக் குச்சியால் காட்டி, "குரங்குக்குன்னு ஜன்னல்ல இருந்து வீசறாங்க. அது எடுக்க வருது. அடுத்த வண்டி வருது. பொறுக்கிப் போடறது நாங்கதான் சார், குரங்கையும்" என்றார்.

சின்ன வயதிலிருந்து அந்த இடம் வந்தால் ஜன்னலைத் திறந்து எதையாவது வீசியவன் நான். புண்ணியம் என்று பாட்டி கையில் எடுத்துக் கொடுப்பார்.

மலையடிவாரம்

மேலே முத்தம்பட்டி பற்றி எழுதியவருக்கு: தண்டவாளத்தை ஒட்டி நடந்தேன் என்று சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். 1989 ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். சட்டத்தை விடுங்கள். அந்தக் கணவாயில் வளைவுக்கு அந்தப்புறம் வருகிற வண்டி கண்ணுக்கே தெரியாது, ஒதுங்க இடமும் கிடையாது. படித்துவிட்டு நாளைக்கு நாலு பையன்கள் போவார்கள். தக்காளிக்காரர் விஷயத்திலும் ஒன்று சொல்கிறேன், காசு நீட்டியது தப்பே இல்லை. வாங்காதது அவர் மனசு.

என் கதை சின்னது. பொம்மிடியில் கடைசி பாசஞ்சரை விட்டுவிட்டு நின்றபோது டீக்கடைக்காரர் பால் வண்டியை நிறுத்தி ஏற்றிவிட்டார். டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை. அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன், புதிதாகக் கிளம்புபவர்கள் தயவுசெய்து கேளுங்கள். முதலில் திரும்பி வருகிற வண்டியைப் பாருங்கள், நடை தூரத்தை அதற்கு அப்புறம் முடிவு செய்யுங்கள். இந்த ஸ்டேஷன்களில் எக்ஸ்பிரஸ் எல்லாம் நிற்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கையில் இருக்கிற நேரத்தில் பாதி முடிந்ததும் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள், கோட்டையாக இருந்தாலும் சரி, கோயிலாக இருந்தாலும் சரி. தண்ணீர் இரண்டு லிட்டர். மார்ச் முதல் மே வரை பதினோரு மணிக்கு மேல் நம் பாறைகளில் கால் வைக்க முடியாது. முக்கியமாக, கொல்லையைச் சுற்றிக் கட்டியிருக்கிற கம்பியை எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள், தாண்டாதீர்கள். பன்றிக்கென்று திருட்டுத்தனமாகக் கரண்ட் விடுகிறார்கள். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கம் அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. யானைக்கே அந்தக் கதி. ராகி அறுப்பு சமயத்தில் யானைகள் கொல்லைக்கு மேய வரும், இராயக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் இருட்டின பிறகு நடக்கவே கூடாது.

ஓசூர்க்காரி

மலையடிவாரம் அண்ணா, கடைசியாக எழுதினீர்களே, அந்தத் தப்பைச் செய்தவள் நான்தான். போன டிசம்பரில் இராயக்கோட்டை மலைக்கோட்டையில் ஏறி (1791-ல் திப்புவிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கோட்டை, மேலே இருந்து பார்த்தால் ரயில் பாதை கயிறு மாதிரி தெரியும்), அந்தப் பக்கத்துக் கிராமங்களைச் சுற்றிவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது இருட்டிவிட்டது. ராகிக் கொல்லை ஓரமாக வந்துகொண்டிருந்தேன். பரண் மேலிருந்து ஒரு கை வந்து தோளைத் தட்டியது. ஒரு தாத்தா. "ஏறும்மா, பேசாத" என்றார்.

ஏறி உட்கார்ந்த பிறகு, "சாமி வந்திருக்கு" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தம்தான் கேட்டது. ராகித் தாளைக் கொத்தாகப் பிடுங்குகிற சத்தம். அப்புறம் தப், தப் என்று வேர்மண் போகக் காலில் அடித்து உதறுகிற சத்தம். மறுபடி பிடுங்கல். முக்கால் மணி நேரம் இதேதான்.

தாத்தா மடியில் வெடியும் தீப்பெட்டியும் இருந்தன. கொளுத்தவில்லை. ஏன் என்று காதருகில் கேட்டேன். "வெடிச்சா நீ போற வழியிலதாம்மா ஓடும்" என்றார்.

எனக்காக விட்டுவிட்டார். ஒரு வருஷ ராகி. விடிந்து அந்தக் கொல்லை எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. அன்று ராத்திரியே அவர் பேரன் வண்டியில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டான். வண்டியில் உட்கார்ந்து எவ்வளவு நஷ்டம் இருக்கும் என்று கேட்டதற்கு அவன் பதிலே சொல்லவில்லை. அந்தப் பரணை மறுபடி கண்டுபிடிக்க இரண்டு தடவை போய்விட்டேன். அறுப்பு முடிந்து பிரித்துவிட்டார்கள் போல.

மொரப்பூர் பேரன்

நான் சொல்லவந்தது ஓடாத ரயில். 1906-ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒரு சின்ன ரயில் ஓடியது, பின்னால் ஓசூர் வரை நீட்டினார்கள். மீட்டர்கேஜ் என்று வீட்டில் சொல்வார்கள். அது தவறு, இரண்டரை அடி அகலமுள்ள குறுகிய பாதை. போர்க்காலத்தில், 1941-ல் மூடிவிட்டார்கள். அந்தத் தடம் எங்கே போயிருக்கும் என்று தேடிக்கொண்டு மொரப்பூரில் இறங்கி மேற்கே நடந்தேன். 2019-ல் புதிய பாதைக்கு அடிக்கல் நாட்டிய சில மாதத்தில்.

ஒரு திண்ணையில் வழி கேட்டேன். கண் சரியாகத் தெரியாத பெரியவர். ரயில் பாதையா என்று எழுந்து, கோலை ஊன்றி என்னோடு வந்து, புளியமரங்களுக்கு நடுவில் ஒரு மேட்டைக் காலால் தடவிக் காட்டினார். தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனபோது அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தாராம்.

மறுபடியும் வரப்போகிறது, 36 கிலோமீட்டர் என்று சொன்னேன். சந்தோஷப்பட்டு இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "காலையில எத்தனை மணிக்கு வண்டி?" என்று கேட்டார்.