486-இல் டெமோ சத்தம் ஒரே இடத்தில் சுற்றுகிறது: ஜம்பர் விவரம் வேண்டும்

வணக்கம். பழைய கணினி: 486 டிஎக்ஸ்2-66, 8 எம்பி ராம், டாஸ் 6.22. ஒலிக்கு சவுண்ட் பிளாஸ்டர் ப்ரோ வகை நகல் கார்டு. மல்டிமீடியா டெமோ திறக்கிறது, படம் ஓடுகிறது, பின்னணி இசையும் சுத்தம். பேச்சு வரும்போது மட்டும் "வணக், வணக், வணக்" என்று அரை நொடித் துண்டு திரும்பத் திரும்ப ஓடி மெஷின் உறைகிறது.

மெமரி காரணமில்லை, மவுஸ், சிடி டிரைவர்களை மேல் மெமரியில் ஏற்றியபின் 598 கே காலி. பின்னணி இசை எஃப்எம், அதாவது கார்டின் சிப்பே உருவாக்குவது; அதற்கு ஐஆர்கியூ (ஒரு துண்டு முடிந்ததும் கார்டு பிராசசரைக் கூப்பிடும் தடம்) தேவையில்லை, அதனால்தான் அது தப்பிக்கிறது. டிஎம்ஏவும் (மெமரியிலிருந்து கார்டுக்கு ஒலித் தரவு நேரடியாகப் போகும் வழி) சரி, இல்லையேல் முதல் துண்டே வராது. ஆக, ஐஆர்கியூதான். பிளாஸ்டர் வரியில் (கார்டின் அமைப்பை மென்பொருளுக்குச் சொல்லும் டாஸ் வரி) முகவரி 220, டிஎம்ஏ 1 வைத்து ஐஆர்கியூ 5, 7 இரண்டும் பார்த்தாச்சு. 7-ஐப் பிடித்திருந்த பிரிண்டர் போர்ட்டையும் அணைத்தாச்சு. கார்டு ஐஆர்கியூ 2-இல் இருந்தால் இந்த மெஷினில் அது 9 ஆகிவிடும். மென்பொருள் அதை ஏற்குமா என்பது வேறு வம்பு.

சிக்கல், கார்டில் ஐஆர்கியூ எண்ணைத் தேர்ந்தெடுக்கும் ஜம்பர் (ஊசி ஜோடியில் மாட்டும் சிறு மூடி) பக்கத்து எழுத்துகள் தேய்ந்துவிட்டன. நான்கு ஜோடி ஊசி, மூன்றாவதில் மூடி. டவுன்ஹால் ரோட்டில் கேட்டால் சிரிக்கிறார்கள். மதுரைப் பக்கம் இதேபோல் கார்டு வைத்திருப்பவர்கள் ஜம்பர் பகுதியை மட்டும் கிட்டத்தில் படம் எடுத்துப் போட முடியுமா?