'லிட்டில் ஹவுஸ்' நூல்களை இன்றைய குழந்தைகளுக்குப் படித்துக் காட்டலாமா?

மாலைவெயில்:
அமெரிக்க எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிக் குடும்பத்தில் கழிந்த தன் சிறுவயதைக் கதையாக எழுதிய 'லிட்டில் ஹவுஸ்' நூல் வரிசையைக் குழந்தைகளின் கையில் கொடுக்கவே கூடாது என்று நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் வாதிட்டார். அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவு 1954-இல் லாராவுக்கே முதன்முதலாக வழங்கி, பின்னர் அவர் பெயரிலேயே நடத்திவந்த விருதின் பெயரை, அவர் நூல்கள் அமெரிக்கப் பூர்வகுடிகளைக் காட்டும் விதம் காரணமாக, 2018-இல் மாற்றியதை அவர் சான்றாகக் காட்டினார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

மினியாபொலிஸில் பள்ளிக்குச் சென்ற வயதில் இந்நூல்களைப் படித்து வளர்ந்தவள் நான். 1932-இல் வெளிவந்த முதல் நூலில், குளிர்காலத்து வெண்ணெய் வெளிறிப்போகும் என்பதால், அப்பா ஆணியால் துளையிட்டுக் கொடுத்த பழைய தகரப் பாத்திரத்தின் அடிப்பக்கத்தில் அம்மா கேரட்டைத் துருவிப் பாலில் காய்ச்சித் துணியில் பிழிந்து, அந்த மஞ்சள் சாற்றைக் கடைவதற்கு முன் பாலேட்டில் சேர்ப்பார்; மிஞ்சிய சக்கை லாராவுக்கும் அக்கா மேரிக்கும் தின்னக் கிடைக்கும். 1880–81 குளிர்காலத்தைச் சொல்லும் 'லாங் வின்டர்' நூலில், பனிப்புயல்களால் ரயில் நின்றுபோன, டகோட்டா ஆட்சிப்பகுதியின் டி ஸ்மெட் ஊரில், விறகும் நிலக்கரியும் தீர்ந்தபின் காய்ந்த புல்லை முறுக்கி எரித்து, காப்பிக்கொட்டை அரைக்கும் சிறு கைப்பொறியில் கோதுமையை அரைத்து அந்தக் குடும்பம் உயிர் பிழைக்கிறது. உண்ணும் ரொட்டிக்குப் பின்னால் எத்தனை கைகளின் உழைப்பு இருக்கிறது என்பதை எந்தப் பாடநூலும் எனக்கு இவ்வளவு துல்லியமாகக் கற்றுத்தரவில்லை. என் எட்டு வயது மகளுக்கு இதைப் படித்துக் காட்டப் போகிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

செம்மண்:
வெண்ணெயையும் பனிக்காலத்தையும் பற்றி நீங்கள் எழுதியது முழுக்க உண்மை, அம்மா. ஆனால் அந்த வரிசையிலேயே மிகப் புகழ்பெற்ற, 1935-இல் வந்த 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி' நூலைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். நான் பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

இங்கல்ஸ் குடும்பம் 1869-இல் கேன்சஸில் வீடு கட்டிய இடம் ஆளற்ற புல்வெளி அல்ல. ஒப்பந்தத்தின்படி ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்களுக்கு உரிய நிலம். அங்கே குடியேற வெள்ளையர் எவருக்கும் சட்டப்படி உரிமை கிடையாது. ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டால் 160 ஏக்கர் சொந்தமாகும் என்ற 1862-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த நிலத்துக்குப் பொருந்தாது. இங்கல்ஸைப் போல ஆயிரக்கணக்கானோர் அத்துமீறி நுழைந்து தந்த நெருக்கடியால்தான் ஓசேஜ் மக்கள் 1870-இல் நிலத்தை விற்க ஒப்புக்கொண்டு, இன்றைய ஓக்லஹோமா பகுதிக்குப் பெயர்ந்தார்கள். நூலிலோ அவர்கள் வீட்டுக்குள் நுழைந்து உணவையும் புகையிலையையும் எடுத்துச் செல்பவர்களாகவும், இரவு முழுவதும் கூச்சலிட்டு அச்சுறுத்துபவர்களாகவும் வருகிறார்கள். தங்கள் நிலத்தில் அனுமதியின்றி வீடு கட்டியவரிடம் அவர்கள் உணவு கேட்டதை வாடகையாகப் பார்க்கும் கோணம் அந்நூலில் எங்குமே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியில் மனிதர்களே இல்லை, இந்தியர்கள் (அமெரிக்கப் பூர்வகுடிகளை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்) மட்டுமே வாழ்ந்தார்கள் என்ற பொருளில் முதல் பதிப்பில் ஒரு வரி இருந்தது. 1952-இல் வாசகர் ஒருவர் பதிப்பகத்துக்கு எழுதிய பிறகு, லாராவின் ஒப்புதலோடு, 'மனிதர்கள்' என்ற இடத்தில் 'குடியேறிகள்' என்று 1953 பதிப்பில் திருத்தினார்கள். பதினெட்டு ஆண்டுகள் எத்தனை வகுப்பறைகளில் அந்த வரி உரக்கப் படிக்கப்பட்டிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மாலைவெயில்:
அந்த வரலாற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் நூல் அதை முற்றாக மறைத்துவிட்டது என்பதை ஏற்க முடியாது. ஒரு காட்சியை நினைவூட்டுகிறேன். வெள்ளையர் வந்தால் இந்தியர்கள் மேற்கே போகத்தான் வேண்டும் என்று அப்பா சொல்லும்போது, இது இந்தியர் நிலம் என்றல்லவா நினைத்தேன், அவர்களுக்குக் கோபம் வராதா என்று லாரா கேட்கத் தொடங்குகிறாள். கேள்வி முடியுமுன்னே, இனி ஒன்றும் கேட்காமல் தூங்கு என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார். குழந்தை கேட்டதையும், அதற்குப் பெரியவரிடம் விடை இல்லாததையும் லாரா முதிய வயதில் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். செத்த இந்தியனே நல்ல இந்தியன் என்ற கொடிய பேச்சும் நூலில் வருகிறது. அதை அண்டை வீட்டார் சொல்கிறார்கள், அப்பா ஏற்க மறுக்கிறார். நூலின் இந்த நேர்மையைக் கணக்கில் எடுக்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

ஏட்டறை:
நூலகப் பணியில் இருப்பவன் என்ற முறையில் ஒரு தகவலை முதலில் தெளிவுபடுத்துகிறேன். 2018-இல் மாறியது விருதின் பெயர் மட்டுமே. எந்த நூலையும் அலமாரியிலிருந்து எடுக்கும்படி அந்தச் சங்கம் சொல்லவில்லை. எனவே விருதை வைத்து நண்பர் செய்த வாதம் நிற்காது.

ஆனால் மாலைவெயில் அவர்கள் கொண்டாடும் பகுதியிலும் எனக்கு ஓர் ஐயம் உண்டு. யார் கையையும் எதிர்பாராமல் சொந்த உழைப்பால் நிமிர்ந்த குடும்பம் என்ற சித்திரம் இந்நூல்களின் உயிர்நாடி. லாராவின் மகள் ரோஸ் வைல்டர் லேன், அரசு மக்களின் வாழ்வில் தலையிடுவதைக் கடுமையாக எதிர்த்தவர். நூல்களைச் செப்பனிட்டதில் அவர் பங்கு பெரிது. நடந்ததோ வேறு. 1870-களில் வெட்டுக்கிளிகள் பயிரை அழித்தபோது, தம்மிடம் ஏதுமில்லை என்று எழுதிக் கொடுத்து மினசோட்டாவில் நிவாரண மாவு பெற்றவர்தான் லாராவின் தந்தை சார்ல்ஸ். பார்வை இழந்த மேரி அயோவா பார்வையற்றோர் கல்லூரியில் படித்தபோது கட்டணத்தைச் செலுத்தியது டகோட்டா ஆட்சிப்பகுதியின் அரசு. ஒன்பது மாதத்தில் இறந்துபோன தம்பி பிரெடியும், அயோவாவின் பர் ஓக் ஊரில் விடுதி ஒன்றில் வேலை செய்து கழித்த காலமும் நூல்களில் இடம்பெறவே இல்லை. லாராவின் முதல் கைப்பிரதி 2014-இல் 'பயனியர் கேர்ள்' என்ற பெயரில் விரிவான குறிப்புகளோடு வெளிவந்தபோது இவற்றில் பலவற்றை வாசகர்கள் பரவலாக அறிந்தார்கள். பிழைத்தது உண்மை, தனியாகப் பிழைத்தார்கள் என்பது உண்மையன்று. ஓசேஜ் செய்திக்குச் சற்றும் குறையாத அளவு இதுவும் குழந்தைக்குத் தெரிய வேண்டும் என்பது என் கருத்து.

மாலைவெயில்:
மாவு வாங்கிய செய்தியால் அந்தக் குடும்பத்தின் மீது என் மதிப்பு கூடத்தான் செய்கிறது. ஒரு தந்தை தன் வறுமையை எழுத்தில் கொடுத்துப் பிள்ளைகளுக்கு உணவு கொண்டுவருவது எளிய செயல் அன்று. இதையும் மகளிடம் சொல்வேன். ஆனால் எழுதாமல் விட்டதற்காகப் படைப்பாளியைக் குற்றவாளியாக்குவதை என்னால் ஏற்க இயலாது. தம்பியின் சாவைப் பிள்ளைகளுக்கான நூலில் சொல்ல ஒரு முதியவளுக்கு மனம் வரவில்லை என்றால், அதை மறைப்பு என்று நான் அழைக்க மாட்டேன்.

செம்மண்:
தம்பியின் சாவைப் பற்றி நானும் ஒன்றும் சொல்லவில்லை. அது அவருடைய துயரம், அவருக்கே உரியது. ஓசேஜ் மக்களின் துயரம் அப்படி அவருக்கு மட்டும் உரியதன்று.

லாராவின் கேள்வியை நீங்கள் நேர்மைக்குச் சான்றாக எடுத்துக்காட்டினீர்கள். அந்தக் கேள்வியின் கனம் நாற்பது வயதில் மறுபடி படிக்கும் உங்களுக்குத் தெரிகிறது. எட்டு வயதில் கேட்கும் பிள்ளை, அப்பாவின் பிடில் இசையோடு தூங்கப்போகும் லாராவோடு சேர்ந்து தானும் தூங்கிவிடும். 1998-இல் மினசோட்டாவில், உங்கள் ஊர் அமைந்துள்ள அதே மாநிலத்தில், இந்நூலை வகுப்பில் கேட்ட டகோட்டா என்ற பூர்வகுடி இனச் சிறுமி ஒருத்தி அழுதுகொண்டு வீடு திரும்பினாள். அவளுடைய தாய் பள்ளி நிர்வாகத்திடம் முறையிட்டார். அந்தச் சிறுமிக்கும் எட்டு வயதுதான்.

குடியேற்றக் காலத்து வாழ்வின் நுணுக்கங்கள்தாம் வேண்டுமென்றால், ஒஜிப்வே பூர்வகுடி மரபில் வந்த லூயிஸ் எர்ட்ரிக் 1999-இல் எழுதிய 'பிர்ச்பார்க் ஹவுஸ்' இருக்கிறது. 1847-இல் சுப்பீரியர் ஏரித் தீவொன்றில் வாழும் ஒமகயாஸ் என்ற சிறுமியின் ஓராண்டு அதில் விரிகிறது. மரப்பட்டையால் வீடு கட்டுவதும் மேப்பிள் பாகு காய்ச்சுவதும் பெரியம்மையின் கொடுமையும் அதிலும் உண்டு. முதலில் அதைப் படித்துக் காட்டுங்கள் என்றே கேட்கிறேன்.

மாலைவெயில்:
அந்த நூலை இந்த வாரமே வாங்குவேன். ஆனால் வரிசையை மாற்ற மாட்டேன். நான் நேசித்த நூலிலிருந்துதான் தொடங்குவேன், ஏனென்றால் ஆசையோடு படித்துக் காட்டினால்தான் பிள்ளை கேட்கும். அப்பா தூங்கச் சொல்லும் அந்த இடம் வரும்போது நூலை மூடிவைத்து, லாராவின் கேள்விக்கு 1870-இல் நடந்ததை நானே விடையாகச் சொல்வேன்.

செம்மண்:
கதை பல இரவுகள் ஓடும். உங்கள் விளக்கம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிள்ளை மனத்தில் கதையே தங்கும் என்பது என் அச்சம், ஆகவே பன்னிரண்டு வயது வரை அந்த ஒரு நூலை மட்டும் தள்ளிவைக்க வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. 'லாங் வின்டர்' நூலை இன்றிரவே தொடங்கினாலும் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.